ஞாயிறு மறையுரைக்கு ஒரு திருத்தம்



கடந்த ஞாயிறு திருப்பலியில், படைப்பைப் பற்றிய மறையுரையின் நடுவே நான் ஒரு செய்தியைச் சொன்னேன். விண்ணிலிருந்து இரவும் பகலும் நம்மீது கதிர்கள் பொழிகின்றன என்றும், அவை படைப்பின் முதல் கணத்தில் தெறித்த பொறிகள் என்றும், இதைக் கண்டு சொன்னவர் ஜோர்ஜ் லெமேத்ர் என்னும் பெல்ஜிய நாட்டுக் குரு என்றும் கூறினேன். பலர் தலையசைத்துக் கேட்டீர்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் குருமடத்தில் படித்த ஒன்றை மறவாமல் எடுத்துச் சொன்ன நிறைவு அது.

திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலும் நம் பங்கின் மகள் ஒருத்தி என்னிடம் வந்தாள். “ஃபாதர், லெமேத்ர் அப்படி நினைத்தது உண்மை. ஆனால் அந்தக் கதிர்கள் படைப்பின் தொடக்கத்திலிருந்து வருபவை அல்ல. வெடித்த விண்மீன்களிலிருந்து வருகின்றன என்று காமாக் கதிர்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்” என்றாள். அருகில் நின்ற தாய் பதறிப்போனார். “சுவாமியோட இப்பிடியே கதைக்கிறது? மன்னிப்புக் கேள்” என்றார். அவளும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நூல்களை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பிழையை எல்லோர் முன்னிலையிலும் திருத்துவதே முறை. ஆகவே இந்த நீண்ட மடல். பொறுமையோடு படியுங்கள். இந்த வரலாறு நாம் வாழும் இதே மொன்றியல் நகரில் தொடங்குகிறது என்பது எனக்கே இந்த வாரந்தான் தெரியவந்தது.

மக்கில் பல்கலைக்கழக வளாகத்தை நீங்கள் அறிவீர்கள். நம் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள், படிக்கிறார்கள். அங்கே பழைய கற்கட்டடம் ஒன்று உண்டு. புகையிலை வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் மக்டொனால்ட் என்பவரின் கொடையால் 1893இல் எழுந்த இயற்பியல் கட்டடம் அது. காந்த ஆய்வுகளுக்கு இடையூறு நேராதிருக்க, இரும்பைத் தவிர்த்து, கல், மரம், செம்பு, பித்தளை ஆகியவற்றைக் கொண்டே அதைக் கட்டினார்கள். 1898இல் அந்தக் கட்டடத்துக்குப் பேராசிரியராக வந்தவர் நியூசிலாந்தில் பிறந்த ஏர்னஸ்ட் றதர்போர்ட். அப்போது அவருக்கு வயது 27. அங்கிருந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்த ஆய்வுகளே 1908இல் அவருக்கு நொபெல் பரிசைப் பெற்றுத் தந்தன.

கதிரியக்கப் பொருள்களிலிருந்து வெளிப்படும் கதிர்களில் இரண்டு வகைக்கு அல்பா, பீற்றா எனப் பெயரிட்டவர் அவரே. மூன்றாவது வகை ஒன்றை 1900இல் பாரிசில் போல் வில்லார் என்பவர் கண்டிருந்தார். தடித்த ஈயத் தகட்டையும் ஊடுருவும் வலிமை அதற்கு இருந்தது. அதற்குக் காமாக் கதிர் என்னும் பெயரை 1903இல் வைத்தவரும் மக்கிலில் இருந்த றதர்போர்ட்டே. இன்று மருத்துவமனைகளில் நாம் அச்சத்தோடு உச்சரிக்கும் அந்தப் பெயர் நம் நகரில் பிறந்தது.

அதே 1903ஆம் ஆண்டில் அதே கட்டடத்தில் ஒரு சிறு புதிரும் எழுந்தது. மின்காட்டி என்னும் கருவியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மின்னேற்றம் பெற்ற இரு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று விலக்கி விரிந்து நிற்கும். சுற்றியுள்ள காற்றைக் கதிர்கள் அயனாக்கினால் மின்னேற்றம் கசிந்து தகடுகள் மெல்லச் சேர்ந்துவிடும். கதிரியக்கப் பொருள் எதுவும் அருகில் இல்லாதபோதும் இந்தக் கசிவு நிற்கவில்லை. றதர்போர்ட்டும் குக் என்னும் ஆய்வாளரும் கருவியைச் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். கசிவு குறைந்தது, ஆனால் மறையவில்லை. ரொறன்ரோவில் மக்லெனன், பேர்ட்டன் என்னும் இருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் கருவியை இறக்கினார்கள். கசிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆகவே ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து ஊடுருவுகிறது. எங்கிருந்து? நிலத்திலும் சுவர்களிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களிலிருந்து என்பதே அன்றைய விடை. பெரும்பகுதிக்கு அது சரியான விடையுங்கூட. எஞ்சிய சிறு பகுதிக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கே முதலாவது குரு வருகிறார். தெயோடோர் வுல்ஃப் என்பவர் ஜேர்மனியில் பிறந்த இயேசு சபைக் குரு. நெதர்லாந்தின் வல்கன்பூர்க் நகரில் தம் சபையின் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். கையில் எடுத்துச் செல்லக்கூடிய, உறுதியான, நுண்ணிய மின்காட்டி ஒன்றை அவர் வடிவமைத்தார். தகடுகளுக்குப் பதிலாக இரு மெல்லிய இழைகள். அவற்றின் இடைவெளியை நுண்நோக்கியால் அளக்கலாம். அந்தக் கருவியைப் பல இடங்களுக்கும் கொண்டுசென்று அளந்த அவர், கதிர்கள் நிலத்திலிருந்தே வருகின்றன என்று 1909இல் எழுதினார்.

அந்த முடிவைத் தாமே சோதிக்கவும் துணிந்தார். கதிர்கள் நிலத்திலிருந்து வருமானால், உயரே செல்லச் செல்லக் குறைய வேண்டும் அல்லவா? 1910ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய விடுமுறையில் பாரிசுக்குச் சென்று ஈபெல் கோபுரத்தில் ஏறினார். 300 மீற்றர் உயரத்தில் காமாக் கதிர்கள் ஏறத்தாழ முற்றாக மறைந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அளந்ததில் பாதிக்குச் சற்று மேல் எஞ்சியிருந்தது. கருவியின் பிழை என்று அதை ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. ஒன்று, மேலே வேறு மூலம் இருக்க வேண்டும். அல்லது காற்று கதிர்களை நாம் நினைத்ததைவிடக் குறைவாகவே தடுக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதி வெளியிட்டார். தம் சொந்தக் கருத்துக்கு எதிரான சான்றைத் தாமே கோபுரம் ஏறிக் கொண்டுவந்தவர் அவர்.

அந்தச் சான்றை முடித்துவைத்தவர் ஒஸ்ரியாவின் விக்ரர் ஹெஸ். வுல்ஃபின் கருவி வகையையே எடுத்துக்கொண்டு அவர் பலமுறை பலூனில் ஏறினார். 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது ஏறியும் கதிர் குறையவில்லை; எனவே கதிரவன் அதன் மூலம் அல்ல என்று தெளிந்தார். 1912 ஓகஸ்ற் 7ஆம் நாள் ஐதரசன் நிரப்பிய பலூனில் 5,300 மீற்றர் வரை சென்றார். முதல் ஆயிரம் மீற்றர் அளவில் சற்றுக் குறைந்த கதிர், பின் கூடிக்கொண்டே போய், உச்சியில் தரையில் இருந்ததைவிட இரு மடங்குக்கும் மேலாயிற்று. மிகுந்த ஊடுருவும் வலிமையுள்ள கதிர் ஒன்று மேலிருந்து நம் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது என்று அவர் அறிவித்தார்.

ஹெஸ் கத்தோலிக்கர், அவருடைய மனைவி யூத வழியினர். 1936இல் நொபெல் பரிசு பெற்றவருக்கும் 1938இல் நாசிகளின் ஆட்சியில் சொந்த நாட்டில் இடமில்லாமற் போயிற்று. கடல் கடந்து வந்த அவருக்கு நியூயோர்க்கில் இயேசு சபையினரின் ஃபோர்டாம் பல்கலைக்கழகம் பணி கொடுத்தது. எஞ்சிய வாழ்நாளை அவர் இந்தக் கண்டத்திலேயே கழித்து, 1964இல் இறந்தார். நாடிழந்து வந்தவர்களின் வரலாற்றை நம் பங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது குரு. நான் மறையுரையில் குறிப்பிட்ட அருட்தந்தை லெமேத்ர் அவரே. முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். 1923இல் குருவானவர். அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதை 1927இல் கணித்து எழுதியவர். 1931இல் இன்னும் ஓர் அடி முன்சென்று, அண்டம் முழுவதும் ஒரு முதல் அணுவிலிருந்து சிதறிப் பிறந்திருக்கலாம் என்றார். ஹெஸ் கண்ட கதிர்களுக்கு அப்போது அண்டக் கதிர்கள் என்னும் பெயர் நிலைத்திருந்தது. அவையே அந்த முதற் சிதறலின் எச்சங்கள் என்று லெமேத்ர் எண்ணினார்.

அந்தக் காலத்தில் பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அண்டக் கதிர்கள் ஒளியைப் போன்றவையா, அல்லது மின்னேற்றம் பெற்ற துகள்களா? மின்னேற்றம் உள்ளவையாயின் புவியின் காந்தப் புலம் அவற்றை வளைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் குறைவாகவும், துருவங்களை ஒட்டிய நாடுகளில் கூடுதலாகவும் அவை விழ வேண்டும். அமெரிக்காவின் ஆர்தர் கொம்ப்ரன் பல நாடுகளிலும் அளவீடுகளைத் திரட்டி, வேறுபாடு உண்டு என்று காட்டினார். அந்த வேறுபாட்டைக் கணிதத்தால் விளக்கியவர்கள் லெமேத்ரும், மெக்சிக்கோ நாட்டவரான மனுவேல் வல்லார்த்தாவும் ஆவர். அவர்களின் கட்டுரை 1933இல் வெளிவந்தது. அண்டக் கதிர்கள் பெரும்பாலும் மின்னேற்றம் பெற்ற துகள்களே என்பது உறுதியாயிற்று. அவற்றில் மிகப் பெரும் பகுதி புரோத்தன்கள் என்று பின்னர் தெரியவந்தது.

இதை நம் வாழ்விடங்களோடு பொருத்திப் பாருங்கள். காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அருகே செல்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தின் வானத்தைவிட மொன்றியலின் வானத்தில் அண்டக் கதிர்கள் கூடுதலாகவே நுழைகின்றன. அவை காற்றில் மோதிச் சிதறிப் பிறக்கும் துகள்களில் ஏறத்தாழ ஒன்று, நீங்கள் இதைப் படிக்கும் ஒவ்வொரு வினாடியும் உங்கள் உள்ளங்கை ஊடாகச் செல்கிறது.

லெமேத்ரின் கணிதம் சரியாக இருந்தது. ஆனால் கதிர்களின் பிறப்பிடம் பற்றிய அவருடைய எண்ணம் தவறாக இருந்தது. அந்த எண்ணத்தை அவர் எளிதில் விட்டுவிடவும் இல்லை, நெடுங்காலம் பற்றிக்கொண்டிருந்தார். எனினும் ஒரு காரியத்தில் அவர் உறுதியாக நின்றார். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவியல் கழகத்தாருக்கு ஆற்றிய உரையில், புதிய அண்டவியல் படைப்பின் தொடக்கத்துக்குச் சான்று கூறுவதாகப் பேசினார். உலகமெங்கும் கத்தோலிக்கர் மகிழ்ந்தார்கள். லெமேத்ர் மகிழவில்லை. நாளை மாறக்கூடிய ஒரு கோட்பாட்டின்மீது இறைநம்பிக்கையை நிறுத்தக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. அதைத் திருத்தந்தையின் வட்டாரத்துக்கும் தெரிவித்தார். அடுத்த ஆண்டு உரோமையில் கூடிய விண்ணியலாளரிடையே திருத்தந்தை பேசியபோது அந்த ஒப்பீட்டை மீண்டும் எடுக்கவில்லை.

லெமேத்ர் எதை அஞ்சினாரோ அதையே நான் கடந்த ஞாயிறு செய்தேன். அதுவும் அவர் பெயரைச் சொல்லியே செய்தேன். படைப்பின் தொடக்கத்தின் உண்மையான எச்சம் வேறொன்று. விண் முழுவதும் பரவியிருக்கும் மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சு அது, 1965இல் அறிவிக்கப்பட்டது. 1966 யூனில் இறப்பதற்குச் சற்று முன்னர், நோய்ப்படுக்கையில் இருந்த லெமேத்ருக்கு அந்தச் செய்தி எட்டியது. அவர் தேடிய எச்சம் இருந்தது. ஆனால் அவர் சுட்டிய இடத்தில் இருக்கவில்லை.

அப்படியானால் அண்டக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன?

1934இலேயே கலிபோர்னியாவில் வால்ரர் பாடே, ஃபிரிற்ஸ் சுவிக்கி என்னும் இருவர் ஒரு விடையை முன்வைத்தார்கள். சில விண்மீன்கள் தம் வாழ்நாளின் இறுதியில் வெடித்து, சில வாரங்களுக்கு ஒரு விண்மீன் மண்டலம் முழுவதற்கும் ஈடான ஒளியை வீசுகின்றன. அவற்றுக்கு சூப்பர்நோவா என்று அவர்கள் பெயர் சூட்டினார்கள். அண்டக் கதிர்களின் மூலம் அவையாகவே இருக்கலாம் என்றும் எழுதினார்கள். நம் பால்வீதியில் நூற்றாண்டுக்கு இரண்டு, மூன்று இத்தகைய வெடிப்புகள் நிகழ்கின்றன. அவற்றின் வெடிப்பு ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு துகள்களை உந்தப் பயன்பட்டாலே, நாம் காணும் அண்டக் கதிர்கள் அத்தனைக்கும் அது போதும் என்று பிற்காலக் கணக்குகள் காட்டின.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரையும் நினைவுகூர்வது தகும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், தம் 19ஆம் வயதில், கப்பலில் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அது நம் கதிரவனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அதன் முடிவு. அந்த எல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீன் வெடித்துச் சிதறக்கூடும். சூப்பர்நோவாக்களில் ஒரு வகை இவ்வாறே நிகழ்கிறது. 1983இல் நொபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

வெடித்த விண்மீனின் சிதறல் வினாடிக்குப் பல ஆயிரம் கிலோமீற்றர் விரைவில் விண்வெளியில் விரிகிறது. அதன் முன்னே ஓர் அதிர்ச்சி அலை செல்கிறது. அந்த அலையின் இரு புறத்திலும் காந்தப் புலங்கள் உள்ளன. மேசைப்பந்து ஆடும் இருவர் மட்டைகளை நீட்டியபடி ஒருவரையொருவர் நெருங்கி வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இடையில் அகப்பட்ட பந்து ஒவ்வொரு மோதலிலும் சற்றுக் கூடிய விரைவு பெறும். அதுபோலவே, அலையின் இப்புறமும் அப்புறமும் மாறி மாறித் தள்ளப்படும் புரோத்தன், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சிறிது ஆற்றல் பெற்று, இறுதியில் ஒளியின் வேகத்தை நெருங்கித் தப்பிச் செல்கிறது. காந்த முகில்களில் மோதித் துகள்கள் ஆற்றல் பெறும் என்னும் அடிப்படைக் கருத்தை 1949இல் தந்தவர் என்றிக்கோ ஃபேர்மி. அதிர்ச்சி அலையில் அது திறமையாக நிகழும் என்பதை 1977, 1978ஆம் ஆண்டுகளில் நான்கு குழுவினர் தனித்தனியாகக் கண்டார்கள்.

கருத்து அழகாக இருந்தது. ஆனால் லெமேத்ரின் கருத்தும் அழகானதுதான். சான்று வேண்டும். சான்று கிடைப்பதிலேதான் பெருந்தடை இருந்தது.

அந்தத் தடையை நம் அனுபவத்தால் விளக்குகிறேன். 1986 ஓகஸ்ற் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மீட்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கனடிய மீனவர் காப்பாற்றினார்கள். அவர்களைச் சுமந்துவந்த கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து. அந்தக் கப்பல் வந்த திசையை மட்டும் பார்த்த ஒருவர் அவர்களின் பிறந்த ஊரைச் சொல்லியிருக்க முடியுமா? நம்மில் பலர் எத்தனை நகரங்களில் நின்று, எத்தனை திசைகளில் திருப்பப்பட்டு இந்த நகரை அடைந்தோம்! அண்டக் கதிர்களின் நிலையும் அதுவே. மின்னேற்றம் பெற்ற துகளைப் பால்வீதியின் காந்தப் புலங்கள் வளைத்து வளைத்து, பல இலட்சம் ஆண்டுகள் அலையவைத்து அனுப்புகின்றன. அது நம்மை வந்தடையும் திசைக்கும் அதன் பிறப்பிடத்துக்கும் தொடர்பு இராது.

ஆனால் காமாக் கதிருக்கு மின்னேற்றம் இல்லை. எந்தக் காந்தப் புலமும் அதை வளைக்காது. பிறந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் வருகிறது. பெருவிரைவு புரோத்தன் அருகிலுள்ள வாயு முகிலில் மோதினால் பையோன் என்னும் நுண்துகள் பிறக்கும். மின்னேற்றம் இல்லாத பையோன் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிக மிகக் குறுகிய காலத்தில் அழிந்து இரண்டு காமாக் கதிர்களாகும். ஆகவே புரோத்தன்கள் உந்தப்படும் இடத்தைச் சுற்றி முகில் இருந்தால், அந்த இடம் காமாக் கதிரில் ஒளிர வேண்டும். மூலத்தைக் காண இயலாதபோது, மூலத்தின் அருகே நிகழ்ந்த மோதலின் நேரிய சாட்சியைத் தேடினார்கள்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. விரைந்து செல்லும் இலத்திரன்களும் காமாக் கதிர்களை உண்டாக்கும். எனவே ஒரு சூப்பர்நோவா எச்சம் காமாக் கதிரில் ஒளிர்வதைக் கண்டால் மட்டும் போதாது. அந்த ஒளி புரோத்தன்களின் செயலா, இலத்திரன்களின் செயலா என்றும் பிரித்தறிய வேண்டும். 2004இல் நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் ஒரு சூப்பர்நோவா எச்சத்தின் ஓட்டினை உயர் ஆற்றல் காமாக் கதிரில் முதன்முறையாகப் படமாகத் தந்தன. விக்ரர் ஹெஸ்ஸின் நினைவாகவே அவற்றுக்கு அந்தப் பெயர் அமையுமாறு செய்தார்கள். படம் கிடைத்த பின்னரும் அந்தக் கேள்வி தீரவில்லை.

இங்கே மீண்டும் மக்கில் வருகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 12 மீற்றர் விட்டமுள்ள நான்கு தொலைநோக்கிகளைக் கொண்ட வெரித்தாஸ் என்னும் நிலையம் 2007இலிருந்து இயங்குகிறது. அதை நடத்தும் கூட்டமைப்பில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடம்பெற்றவர்கள். வெரித்தாஸ் என்பது இலத்தீனில் உண்மை என்று பொருள்படும் சொல். உயர் ஆற்றல் காமாக் கதிர் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது, வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் நீலநிற மின்னல் ஒன்று தோன்றும். இருண்ட இரவுகளில் அந்த மின்னலைப் பிடித்து, கதிர் வந்த திசையை அந்தத் தொலைநோக்கிகள் கணிக்கின்றன. 1572 நவம்பரில் தைக்கோ பிராகே கண்டு வியந்த புதிய விண்மீனின் எச்சத்திலிருந்து காமாக் கதிர்கள் வருவதை 2011இல் வெரித்தாஸ் அறிவித்தது.

தெளிவான சான்று 2013 பெப்ரவரியில் வந்தது. ஃபேர்மியின் பெயர் தாங்கி 2008இல் விண்ணுக்குச் சென்ற செயற்கைக்கோள், மிதுன விண்மீன் கூட்டத்தில் ஒன்றும் கழுகு விண்மீன் கூட்டத்தில் ஒன்றுமாக இரண்டு சூப்பர்நோவா எச்சங்களைப் பல ஆண்டுகள் நோக்கியது. குறித்த ஓர் ஆற்றலுக்குக் கீழே அவற்றின் காமாக் கதிர்கள் சட்டெனக் குறைந்தன. பையோன் அழிந்து பிறக்கும் கதிர்களுக்கே உரிய அடையாளம் அது. இலத்திரன்களால் அவ்வாறு எளிதில் நிகழாது. ஆகவே அங்கே புரோத்தன்கள் உந்தப்படுகின்றன. ஹெஸ் பலூனில் ஏறி நூறு ஆண்டுகளுக்குப் பின், கதிர்களின் பிறப்பிடங்களில் ஒன்று கையோடு பிடிபட்டது. 1903இல் மொன்றியலில் எழுந்த புதிருக்கு, 1903இல் மொன்றியலில் பெயர் பெற்ற கதிரே சாட்சி சொன்னது.

கதை முடிந்துவிட்டது என்று சொல்லி இன்னொரு பிழையைச் செய்ய மாட்டேன். அண்டக் கதிர்களில் மிக உயர்ந்த ஆற்றல் உள்ளவற்றையும் சூப்பர்நோவா எச்சங்களே உந்துகின்றனவா என்பது இன்னும் தெளிவாகவில்லை. 2021இல் சீனாவின் லாசோ நிலையம் நம் பால்வீதியில் மிக உயர்ந்த ஆற்றல் காமாக் கதிர்களின் மூலங்கள் பன்னிரண்டை அறிவித்தது. அவற்றில் எத்தனை சூப்பர்நோவா எச்சங்கள் என்பது விவாதத்தில் உள்ளது. தமிழ்நாட்டின் ஊட்டியில் இயங்கும் கிரேப்ஸ் நிலையமும் இந்தத் தேடலில் முன்னிற்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் முன்பு வேறோர் ஆய்வுக்குப் பயன்பட்ட இரும்புக் குழாய்களே இன்று அங்கே அண்டக் கதிர்களை அளக்கின்றன. குறித்த ஓர் உயர் ஆற்றலுக்கு மேல் புரோத்தன்களின் எண்ணிக்கை எதிர்பார்த்தவாறு குறையாமல், சற்று மெதுவாகவே குறைகிறது என்று 2024இல் அந்த நிலையத்தார் காட்டினார்கள். பழைய எளிய விளக்கத்துக்கு அதுவும் ஒரு கேள்விக்குறி.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, என் திருத்தம் இதுவே. நம்மீது பொழியும் அண்டக் கதிர்கள் படைப்பின் முதற் கணத்தில் தெறித்தவை அல்ல. அவற்றுள் ஒரு பகுதியேனும் இறந்த விண்மீன்களின் வெடிப்பில் உந்தப்பட்டவை. அருட்தந்தை லெமேத்ர் மாபெரும் அறிஞர். இந்த ஒன்றில் அவர் எண்ணியது தவறு. அவர் எண்ணியதை ஆராயாமல் மறையுரை மேடையில் உண்மையென்று சொன்னது என் தவறு.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியல் கற்பித்த முதிய குரு ஒருவர், இறைவனுக்குப் பொய்யான வழக்கறிஞர் தேவையில்லை என்று அடிக்கடி சொல்வார். அன்று சிரித்தோம். மறையுரை மேடையில் நாற்பது ஆண்டுகள் நின்ற பின்னர் அதன் கனம் புரிகிறது. அறிவியலில் ஓர் அழகிய செய்தி கிடைத்தால், அதை நற்செய்திக்குத் துணையாக இழுத்துக்கொள்ளும் ஆசை எங்களுக்கு உண்டு. நாளை அந்தச் செய்தி பொய்த்தால், அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை செய்தியை மட்டுமா கைவிடுவான்? அதைச் சொன்னவரையும், அவர் சொன்ன மற்றவற்றையும் சேர்த்தே கைவிடுவான். நம் இளையோர் பலர் ஆலயத்திலிருந்து அமைதியாக விலகிச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இந்த வாரம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். குருவை மதிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் குரு சொன்னது பிழை என்று உங்கள் பிள்ளை அறிந்தால், அதை மரியாதையோடு சொல்வதும் அந்த மதிப்பின் பகுதியே. அன்று ஆலய வாசலில் தலை குனிந்து நின்ற மகளே, இதை நீயும் படிப்பாய் என்று நம்புகிறேன். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அதை உன்னிடமே திருப்பித் தருகிறேன். என் மன்னிப்பையும் ஏற்றுக்கொள். வுல்ஃப் என்னும் குரு தம் கருத்தைச் சோதிக்கக் கோபுரம் ஏறினார். எனக்கு அந்த வேலையையும் வைக்காமல் நீயே வாசலுக்கு வந்து சொன்னாய்.

மேகமற்ற ஓர் இரவில் நகர விளக்குகளுக்கு அப்பால் செல்ல வாய்ப்பிருந்தால், பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வட வானில் ஐந்து விண்மீன்கள் ஆங்கில எழுத்தான டபிள்யூ வடிவில் நிற்கும். அதுவே காசியோப்பியா. நம் மொன்றியலில் அது ஆண்டு முழுவதும் மறைவதில்லை. ஊரில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் முன்னிரவில் வடக்கே தாழ்ந்து தெரியும். 1572இல் தைக்கோ கண்ட விண்மீன் அங்கேதான் வெடித்தது. அதன் எச்சம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எனினும் அந்தத் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் உங்களுக்கு விடை தெரியாதவை இருந்தால், தெரியாது என்றே சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு நானும் அவ்வாறே சொல்ல முயல்வேன்.

செபங்களுடனும் ஆசீருடனும்,
உங்கள் பங்குத்தந்தை